தண்டனைக்குப் பின் விழுந்த 220,761 வாக்குகள்

சென்ற மாதம் ஓர் இடைநிலைப்பள்ளியில் நடந்த விவாதப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். 'ஊழல் செய்தாலும் ஊருக்கு உழைத்த தலைவரே மேல்' என்பது தலைப்பு. ஒட்டிப் பேசிய அணி வென்றது. நானும் அவர்களுக்குத்தான் கூடுதல் புள்ளி போட்டேன். பேச்சு அப்படி இருந்தது. பரிசளிப்பு முடிந்து சிற்றுண்டி மேசைக்குப் போனபோது, வென்ற அணியின் மூன்றாம் பேச்சாளரான ஐந்தாம் படிவ மாணவி அருகில் வந்தார். "ஐயா, நான் பேசியது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் எதிரணி சொன்ன பதிலும் போதவில்லை. உண்மையில் எது சரி?" என்று கேட்டார்.

கையில் கறிபாப்பு இருந்தது. வாயில் பதில் இல்லை. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதில் எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தவர் நம் நாட்டுத் தலைவர் யாருமல்லர். நம் ஊர்ப் பெயர் ஒன்றைச் சொன்னால், சொன்ன மறுநொடியே நீங்கள் கட்சி பிரிந்துவிடுவீர்கள். அதன் பிறகு வாதம் காதில் ஏறாது. அதனால் தொலைவில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். 1972 முதல் 1974 வரை ஜப்பானியப் பிரதமராக இருந்த காக்குயே தனாக்கா. அந்தத் தலைப்பை வாழ்ந்தே காட்டியவர் அவர்.

முதலில் ஓர் எண். 1983 அக்டோபர் 12ஆம் நாள், இலஞ்சம் வாங்கிய குற்றத்துக்காகத் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறையும் 50 கோடி யென் பண இழப்பும் விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். பதவி விலகவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பொதுத்தேர்தல். நீகாத்தா மூன்றாம் தொகுதியில் அவருக்கு விழுந்த வாக்குகள் 220,761. அதுவரை அவர் வாங்கியதிலேயே அதுதான் அதிகம். தண்டனைக்குப் பின் வாக்கு கூடியிருக்கிறது.

அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர்களில் ஓர் எழுத்தாளரும் உண்டு, அக்கியுக்கி நோசாக்கா. 'மின்மினிகளின் கல்லறை' என்ற உயிரோவியப் படத்தைப் பார்த்து அழுதவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தப் படத்துக்கு மூலமான கதையை எழுதியவர் அவர்தான். தம் மேலவை இடத்தை விட்டுவிட்டு, ஊழலை எதிர்ப்பதற்கென்றே தனாக்காவின் கோட்டைக்குள் போய் நின்றார். முப்பதாயிரம் வாக்குகூடக் கிடைக்கவில்லை.

நீகாத்தா மக்கள் அறிவில்லாதவர்கள் என்று சொல்லிக் கடந்துவிடலாம். அன்றைய தோக்கியோ பத்திரிகைகள் பல அப்படித்தான் எழுதின. எனக்கு அது சோம்பேறித்தனமான பதிலாகப் படுகிறது.

நீகாத்தா, ஜப்பானின் மேற்குக் கரையில் இருக்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் காற்று கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலையில் மோதி, எல்லாவற்றையும் பனியாகக் கொட்டிவிட்டுப் போகும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோக்கியோவில் அதே நாளில் நீல வானம். நீகாத்தாவின் மலைக் கிராமங்களிலோ வீட்டின் மேல்மாடிச் சன்னல் வழியாக வெளியே வரவேண்டிய நிலை. நோயாளியை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டுமானால் ஆள்கள் தோளில் சுமந்து, பனியில் புதைந்து புதைந்து மலையேற வேண்டும். ஆண்கள் குளிர்காலம் முழுவதும் பெருநகரங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பகுதியை 'பின்பக்க ஜப்பான்' என்றே மற்றவர்கள் சொன்னார்கள்.

அங்கே நக்காயாமா என்றொரு சுரங்கப்பாதை இருக்கிறது. அரசாங்கம் தோண்டித் தராததால், ஒரு சிற்றூரின் மக்கள் 1933இல் கடப்பாறையும் கோடாரியும் எடுத்துத் தாங்களே மலையைக் குடையத் தொடங்கினார்கள். இடையில் போர் வந்து நின்றது. மறுபடி தொடங்கி 1949இல் முடித்தார்கள். ஏறக்குறைய 900 மீட்டர். கையால் வெட்டியது. ஒரு சாலைக்காக 16 ஆண்டு காத்திருந்தவர்களிடம் ஒரு வேட்பாளர் வந்து, "சாலை போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி போட்டும் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

தனாக்கா அந்த மண்ணில் 1918இல் பிறந்தவர். தகப்பனார் மாடு, குதிரை வியாபாரம் செய்து நொடித்துப் போனவர். வெளிநாட்டிலிருந்து உயர்ரகப் பசுக்களை வரவழைக்கப் போட்ட பணம், பசுக்கள் பயணத்திலேயே செத்துப் போனதால் போயிற்று. தாயார் வயலில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். மகனுக்கோ திக்குவாய். பள்ளி நாடகமொன்றில், இசையோடு வசனத்தைச் சேர்த்துச் சொன்னபோது திக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டு, பாட்டுப் பாடிப் பாடியே நாக்கைப் பழக்கினாராம். (மேடை ஏற அஞ்சும் மாணவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.)

பதினைந்து வயதோடு ஊர்ப்பள்ளிப் படிப்பு முடிந்தது. 1934இல் தோக்கியோவுக்குப் போய், பகலில் கட்டுமானக் குத்தகைக்காரர்களிடம் வேலை, இரவில் தொழிற்பள்ளி. பத்தொன்பதாம் வயதில் சொந்தமாகக் கட்டட வரைபட அலுவலகம். பிறகு படையில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியாவுக்குப் போனார். நுரையீரல் நோயோடு திரும்பினார். போர்க்காலத்தில் கட்டுமானத் தொழிலில் பணம் சேர்ந்தது. 1946இல் தேர்தலில் நின்று தோற்றார். 1947இல் வென்றார், அப்போது வயது 28. நீகாத்தாவுக்கும் தோக்கியோவுக்கும் நடுவே நிற்கும் மிக்குனி மலையை வெட்டிச் சாய்த்துவிட்டால் பனிக்காற்று நேரே போய்விடும், வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டிச் சாடோ தீவை நிலத்தோடு சேர்த்துவிடலாம் என்று அந்த நாளில் மேடையில் பேசியவர். மக்கள் சிரித்தார்கள், ஆனால் மறக்கவில்லை.

முதல் வழக்கு சீக்கிரமே வந்தது. 1948இல் நிலக்கரிச் சுரங்கங்கள் தொடர்பான இலஞ்சப் புகாரில் கைதானார். சிறையிலிருந்தபடியே 1949 தேர்தலில் நின்று வென்றார். 1951இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். அப்போதே நீகாத்தா ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன்: தோக்கியோ நம் ஆளைப் பிடித்து உள்ளே போடும், பிறகு விட்டும் விடும், நாம் கைவிடக்கூடாது.

அவர் வெறும் பேச்சாளராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையிருந்திருக்காது. சட்டம் இயற்றுவதில் கெட்டிக்காரர். ஜப்பானில் சட்டவரைவுகளைப் பெரும்பாலும் அமைச்சுகளின் அதிகாரிகள்தாம் எழுதுவார்கள். உறுப்பினர் தாமே கொண்டுவந்து நிறைவேற்றுவது அரிது. தனாக்கா முன்னின்று நிறைவேற்றியவை முப்பதுக்கு மேல். அவற்றில் முக்கியமானவை 1952, 1953ஆம் ஆண்டுகளின் சாலைச் சட்டங்கள். பெட்ரோல் மீதான வரியைச் சாலை போடுவதற்கென்றே ஒதுக்கச் செய்தது அவருடைய யோசனை. இந்தப் பெட்ரோல் வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

1957இல், 39ஆம் வயதில் அஞ்சல், தந்தித் துறை அமைச்சர். அதிகாரிகள் தயங்கிக்கொண்டிருந்த தொலைக்காட்சி உரிமங்களை, நாற்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு ஒரே வீச்சில் கொடுத்தார். ஜப்பானியக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனதில் அந்தக் கையெழுத்துக்குப் பங்குண்டு. தொலைக்காட்சி முதலாளிகள் பலர் அவருக்குக் கடன்பட்டதிலும் அதே கையெழுத்துக்குப் பங்குண்டு. அவருடைய வாழ்க்கையில் நல்லது எங்கே முடிகிறது, கெட்டது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாமல் போவது இப்படித்தான்.

1962இல் நிதியமைச்சர். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டதாரிகள் நிறைந்த அமைச்சுக்கு ஒரு ஊர்ப்பள்ளிக்காரர் தலைவராக வந்தார். முதல் நாளே, நான் ஊர்ப்பள்ளி படித்தவன், நீங்கள் நாட்டின் அறிவாளிகள், உங்கள் வேலையைச் செய்யுங்கள், பொறுப்பை நான் ஏற்கிறேன் என்ற பொருளில் பேசினார் என்பது ஜப்பானில் இன்றும் சொல்லப்படும் கதை. அதிகாரிகளின் பெயர், குடும்ப நிலை எல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பாராம். 1963இல் நீகாத்தாவில் பெரும் பனி கொட்டியபோது, புயல் வெள்ளத்தைப்போல் பனியையும் பேரிடராகக் கருதி அரசாங்கம் உதவ வேண்டும் என்று செய்ததும் அவர்தான். பனியில் பிறக்காத ஒருவருக்கு அது தோன்றியிருக்குமா என்பது ஐயம்.

1972 சூலையில், பல்கலைக்கழகம் போகாத அவர், உயர்குடி அதிகாரவர்க்கத்தின் செல்லப்பிள்ளையான தாக்கியோ புக்குடாவைக் கட்சித் தேர்தலில் வீழ்த்திப் பிரதமரானார். வயது 54. மக்கள் கொண்டாடினார்கள். கணினி பொருத்திய புல்டோசர் என்று பட்டப்பெயர். கட்சித் தேர்தலில் பணம் தண்ணீராய் ஓடியது என்ற பேச்சும் அப்போதே இருந்தது. கொண்டாட்டச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டே மாதத்தில் பெய்ஜிங் போனார். செப்டம்பர் 29இல் சீனாவோடு தூதரக உறவு ஏற்பட்டது. பாண்டாக் கரடிகள் இரண்டு தோக்கியோவின் உவேனோ விலங்கியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த பாடம் மொழிபெயர்ப்பைப் பற்றியது. விருந்தில் பேசிய தனாக்கா, கடந்தகாலத்தில் ஜப்பான் சீன மக்களுக்கு 'மெய்வாக்கு' தந்துவிட்டதாக வருத்தம் தெரிவித்தார். ஜப்பானிய மொழியில் அது மன்னிப்பு கேட்கும்போது வரும் சொல்லும்தான். சீனத்தில் அதை மாற்றிச் சொன்னபோதோ, வழியில் போகும் பெண்ணின் பாவாடையில் தெரியாமல் தண்ணீர் தெளித்துவிட்டால் சொல்லும் 'தொந்தரவுக்கு வருந்துகிறேன்' என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இலட்சக்கணக்கில் மக்களைப் பறிகொடுத்தவர்கள் விருந்து மேசையில் அதைக் கேட்டார்கள். பிரதமர் சௌ என்லாய் மறுநாள் கடுமையாகவே எடுத்துச் சொன்னார். கூட்டறிக்கையில் வேறு சொற்கள் வந்தன. இரு மொழி படிக்கும் நீங்கள் இதை உணர்வீர்கள்.

உள்நாட்டில் அவருடைய கனவு 'ஜப்பானியத் தீவுகளை மாற்றியமைக்கும் திட்டம்'. பிரதமராவதற்குச் சற்று முன் அதை நூலாக வெளியிட்டார். இலட்சக்கணக்கில் விற்றது. விரைவு ரயிலும் விரைவுச்சாலையும் நாடெங்கும் போட்டு, தொழிற்சாலைகளைப் பெருநகரங்களிலிருந்து கிராமப்புறங்களுக்குக் கொண்டு போவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தெந்த இடத்துக்குச் சாலை வரும் என்று நூலிலேயே இருந்தால் என்ன நடக்கும்? நிறுவனங்கள் ஓடி ஓடி நிலத்தை வாங்கின. 1973இல் மட்டும் நிலவிலை ஏறக்குறைய 30 விழுக்காடு ஏறியது. அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. கடைகளில் கழிப்பறைக் காகிதத்துக்காக இல்லத்தரசிகள் அடித்துக்கொண்ட படங்கள் உலகெங்கும் வந்தன. 1974இல் பொருள் விலை 23 விழுக்காடு உயர்ந்தது. போருக்குப் பின் முதன்முறையாகப் பொருளாதாரம் சுருங்கியது.

இதற்கு நடுவில்தான் அவர் நம் பக்கம் வந்தார். 1974 சனவரியில் பிலிப்பீன்ஸ், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளுக்குப் பயணம். பேங்காக்கில் மாணவர்கள் ஆர்ப்பாட்டத்தோடு எதிர்கொண்டார்கள். ஜப்பானியப் பொருள்கள் சந்தையை நிறைத்ததும் ஜப்பானிய நிறுவனங்கள் நடந்துகொண்ட விதமும் அவர்களுக்குக் கோபம். மூன்று மாதங்களுக்கு முன்தான் அதே தாய்லாந்து மாணவர்கள் ஓர் இராணுவ ஆட்சியை இறக்கியிருந்தார்கள். ஜகார்த்தாவில் நிலைமை கைமீறியது. சனவரி 15ஆம் நாள் மாணவர் ஆர்ப்பாட்டம் கலவரமாக மாறி, கடைகளும் நூற்றுக்கணக்கான வாகனங்களும் எரிந்தன. 11 பேர் இறந்தார்கள். இந்தோனேசியர்கள் அதை 'மலாரி' என்று குறிக்கிறார்கள், 'சனவரி 15 பேரிடர்' என்பதன் சுருக்கம். தனாக்கா அதிபர் மாளிகையிலிருந்து ஹெலிகாப்டரில் விமான நிலையம் போக வேண்டியதாயிற்று.

அந்தக் கலவரத்துக்கு இந்தோனேசியாவின் உள்நாட்டுக் காரணங்களும், இராணுவத் தளபதிகளுக்கிடையே இருந்த போட்டியும் உண்டு; எல்லாப் பழியையும் தனாக்காமீது போடுவது நியாயமாகாது. ஆனாலும் ஜப்பான் திடுக்கிட்டது. அந்த ஆண்டே 'தென்கிழக்காசிய இளையர் கப்பல்' தொடங்கப்பட்டது. ஜப்பான், ஆசியான் நாடுகளின் இளையர்கள் ஒரே கப்பலில் வாழ்ந்து பழகும் அந்தத் திட்டத்தில் நம் நாட்டிலிருந்து போனவர்களை உங்கள் ஆசிரியர்களிலேயே காணலாம். 1977இல் புக்குடா பிரதமராக மணிலாவுக்கு வந்து, ஜப்பான் இராணுவ வல்லரசாகாது, ஆசியானோடு மனத்தோடு மனம் பழகும் என்று அறிவித்ததும் இந்தக் காயத்தின் தொடர்ச்சிதான். 1982இல் அன்றைய பிரதமர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்து நம் மாணவர்களை ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கியபோது, ஜகார்த்தாவின் புகை அடங்கி எட்டாண்டுதான் ஆகியிருந்தது.

தனாக்காவை இறக்கியது எதிர்க்கட்சியும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. முதல் அடி ஒரு மாத இதழிலிருந்து வந்தது. 1974 அக்டோபரில் வெளிவந்த 'புங்கெய் சுன்சூ' இதழில், 34 வயது எழுத்தாளர் தக்காசி தச்சிபானா, தனாக்காவின் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவரிடம் எந்த இரகசிய ஒலிப்பதிவும் இல்லை. உதவியாளர் குழுவோடு அரசாங்க அலுவலகங்களுக்குப் போய், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கக்கூடிய பதிவேடுகளைப் பார்த்தார். நிலப்பதிவு, நிறுவனப் பதிவு, அரசியல் நிதிக் கணக்கு. பெயர்ப்பலகை மட்டுமே உள்ள நிறுவனங்கள் நிலம் வாங்குகின்றன. பிறகு அந்த நிலத்துக்குப் பக்கத்தில் அரசாங்கத் திட்டம் வருகிறது. நிறுவனங்களின் இயக்குநர்களைப் பார்த்தால் தனாக்காவின் உறவினர்கள், உதவியாளர்கள். சினானோ ஆற்றுப்படுகை நிலம் அவற்றில் ஒன்று.

தோக்கியோவின் பெரிய நாளிதழ்களில் தனாக்காவைப் பகலும் இரவும் பின்தொடரும் அரசியல் செய்தியாளர்கள் இருந்தார்கள். இவற்றில் பலவற்றை அவர்கள் அறிந்தும் இருந்தார்கள். எழுதவில்லை. கட்டுரை வந்த பிறகும் மௌனம். அக்டோபர் 22ஆம் நாள் வெளிநாட்டுச் செய்தியாளர் மன்றத்தின் மதிய விருந்தில் பிரதமரைக் கேள்விகளால் துளைத்த பிறகுதான், அதைச் செய்தியாக்கி உள்நாட்டு நாளிதழ்கள் வாய் திறந்தன. பத்திரிகையில் இருக்கும் எனக்கு இதை எழுதும்போது கொஞ்சம் கூசுகிறது. நவம்பர் 26இல் தனாக்கா பதவி விலகுவதாக அறிவித்தார்.

லாக்ஹீட் வழக்கு அதற்குப் பிறகு வந்தது. 1976 பிப்ரவரியில் அமெரிக்க செனட் துணைக்குழு ஒன்றின் விசாரணையில், விமானம் விற்பதற்காகப் பல நாடுகளில் இலஞ்சம் கொடுத்ததை லாக்ஹீட் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆல் நிப்பான் விமான நிறுவனம் டிரைஸ்டார் விமானங்களை வாங்குவதற்கு உதவும்படி, மருபேனி வணிக நிறுவனத்தின் வழியாகத் தனாக்காவுக்கு 50 கோடி யென் போனது என்பது குற்றச்சாட்டு. அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 17 இலட்சம் அமெரிக்க டாலர். அட்டைப்பெட்டிகளில் அடைத்து, நான்கு தவணைகளாக, தோக்கியோவில் வண்டி விட்டு வண்டி மாற்றிக் கொடுக்கப்பட்டது. இரசீதில் பணம் என்று எழுதவில்லை. 'நூறு வேர்க்கடலை பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினார்கள். நம் பேச்சில் சொன்னால் கச்சான். ஒரு கச்சானுக்கு விலை பத்து இலட்சம் யென்.

1976 சூலை 27இல் முன்னாள் பிரதமர் கைதானார். அப்போது ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சியேதான். பிரதமர் தாக்கியோ மிக்கி விசாரணையைத் தடுக்கவில்லை. அதற்காகவே கட்சிக்குள் அவரை இறக்கும் முயற்சி நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மிக்கி பதவியை விட்டுப் போனார், தனாக்கா தம் தொகுதியில் முதலிடத்தில் வென்றார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் கசப்பான இடம் இதுதான்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்தாண்டு, கட்சியில் உறுப்பினராகக்கூட இல்லாத, வழக்கில் நின்றுகொண்டிருந்த ஒருவர் பிரதமர்களைத் தேர்ந்தெடுத்தார். 1978இல் ஒகிரா, 1980இல் சுசுக்கி, 1982இல் நக்காசோனே. அவருடைய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவர் இல்லாமல் யாரும் பிரதமராக முடியாது. 'இருட்டுச் சோகுன்' என்றார்கள். அணியிலிருப்பவர்களின் தேர்தல் செலவை அவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு வேண்டியபோது அவர்கள் கை தூக்குவார்கள். அந்தப் பணம் குத்தகைக்காரர்களிடமிருந்து வரும். குத்தகைக்காரர்களுக்குப் பொதுப்பணி வரும். சுற்றிச் சுற்றி ஒரே பணம்.

இப்போது பெட்ரோல் வரிக்கு வருகிறேன். நீகாத்தா மலைக்கிராமத்துக்கு வந்த சாலை தனாக்காவின் சட்டைப் பையிலிருந்து வரவில்லை. ஒசாக்காவில் வாடகைக்கார் ஓட்டியவரும் கியூசூவில் லாரி ஓட்டியவரும் கட்டிய வரியில் வந்தது. அந்த மக்களுக்குச் சாலை பெறும் உரிமை இருந்தது. பனியில் சாகாமல் மருத்துவமனை போய்ச் சேர்வது யாரும் போடும் பிச்சை ஆகாது. தனாக்கா அந்த உரிமையை ஓர் அன்பளிப்பாக மாற்றினார். எத்சுசன்காய் என்ற அவருடைய ஆதரவாளர் சங்கத்தின் வழியாக வந்த கோரிக்கைகள் முன்னே போயின. நன்றிக்கடன் வாக்காகத் திரும்பி வந்தது. எந்த ஊருக்குச் சாலை அதிகம் தேவை என்ற கேள்வி மாறி, எந்த ஊர் அதிகம் விசுவாசமானது என்ற கேள்வி ஆனது. விவாதத்தில் ஒட்டிப் பேசிய அணி தவறவிட்டதும், எதிரணி எடுத்துக் காட்டத் தவறியதும் இதைத்தான். 'ஊருக்கு உழைத்தார்' என்ற சொல்லுக்குள், பணம் யாருடையது என்ற கேள்வி ஒளிந்துகொண்டிருந்தது.

அவருக்காகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய அரசாங்கம் 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு மருத்துவச் செலவை இலவசமாக்கியது. தரமானவர்கள் ஆசிரியர் பணிக்கு வரவேண்டும் என்று பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தை உயர்த்த 1974இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அமெரிக்காவைக் கேட்காமல் எண்ணெய் தேடியதால்தான் அவர் பழிவாங்கப்பட்டார் என்று நம்புவோர் ஜப்பானில் இன்றும் ஏராளம். அதற்கு உறுதியான சான்றை நான் கண்டதில்லை. கண்டாலும் என் கேள்வி மாறாது: அட்டைப்பெட்டி வந்ததா, இல்லையா? வழக்கிலும் குறை இருந்தது. விலக்குரிமை கொடுத்து அமெரிக்காவில் வாங்கிய வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றச் சான்றுகளே போதும் என்று உடன்குற்றவாளிகளின் தண்டனையை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பைக் கேட்கத் தனாக்கா இல்லை. 1985 பிப்ரவரியில், அவருடைய அணிக்குள்ளேயே நொபொரு தக்கேசித்தா தனிக்குழு அமைத்தார். அதே மாதம் 27ஆம் நாள் தனாக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. திக்குவாயைப் பாடிப் பாடிச் சரிசெய்த மனிதருக்குப் பேச்சு போயிற்று. 1990இல் அரசியலை விட்டார். 1993 டிசம்பர் 16இல் இறந்தார். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபடியே வழக்கு முடிக்கப்பட்டது. ஒருநாள்கூட அந்த நான்காண்டுச் சிறையை அவர் அனுபவிக்கவில்லை.

அவர் பயிற்றுவித்தவர்கள் தொடர்ந்தார்கள். பிரதமரான தக்கேசித்தா ரெக்ரூட் பங்கு ஊழலில் 1989இல் விழுந்தார். 2023, 2024ஆம் ஆண்டுகளில் அதே கட்சியின் அணிகள் கணக்கில் காட்டாத நிதி வைத்திருந்தது மறுபடி வெடித்தது. இன்னொரு பக்கம், 2016இல் ஒருகாலத்தில் தனாக்காவைக் கடுமையாக எதிர்த்த சிந்தாரோ இசிகாராவே அவரைக் கதைநாயகராக்கி 'மேதை' என்ற தலைப்பில் நாவல் எழுத, அது அமோகமாக விற்றது. தீர்மானம் எடுக்கத் தெரியாத தலைவர்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, தீர்மானம் எடுத்தவரின் கறை மங்கித் தெரிகிறது போலும்.

தோக்கியோவிலிருந்து நீகாத்தா போகும் சோயெத்சு விரைவு ரயில் 1982இல் ஓடத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அதில் போயிருக்கிறேன். மலைச் சுரங்கத்துக்குள் நுழையும்போது இந்தப் பக்கம் வெயில். வெளியே வந்தால் கண் கூசும் வெள்ளை. உராசா என்ற சிறிய ஊரில் இறங்கினேன். அங்கே விரைவு ரயில் எதற்கு நிற்கிறது என்று இறங்கிய எல்லாருக்கும் தோன்றும். நிலைய வாசலில் விடை இருக்கிறது. வலக்கையை உயர்த்தியபடி தனாக்காவின் சிலை. பனி விழாமலிருக்கத் தலைக்குமேல் கூரை வேறு போட்டிருக்கிறார்கள்.

அந்த மாணவிக்கு என் பதில் இதுதான். தலைப்பு தவறு. ஊழலையும் உழைப்பையும் தராசின் இரு தட்டில் வைத்தவுடனேயே, உழைப்பு அவர் நமக்குச் செய்த உதவி என்று ஒப்புக்கொண்டு விடுகிறோம். நீகாத்தா வாக்காளர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. தீர்ப்புக்குப் பிறகும் அவர் வாசலில் வரிசை பிடித்து நின்ற நூற்றுக்கு மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களைக் குறை சொல்கிறேன். அவர்கள் வீட்டில் யாரும் பனியில் சாகவில்லை.

அவர் விடாமல் இன்னொன்றும் கேட்டிருந்தார். "நீங்கள் அங்கே பிறந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பீர்கள், ஐயா?" உங்களில் பலருக்கு இப்போது 18 வயதிலேயே வாக்கு வந்துவிடுகிறது. ஆகவே மழுப்பாமல் சொல்கிறேன். 1947இல் தனாக்காவுக்குப் போட்டிருப்பேன். 1972இலும் போட்டிருப்பேன், பெருமையோடு. 1983இல் நோசாக்காவுக்குப் போட்டிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உராசாவில் இறங்கி, முழங்கால் அளவுப் பனியில் இருநூறு அடி நடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பனியில் என் தாயாரைத் தோளில் சுமந்து மலையேறியவனாக நான் இருந்திருந்தால், வாக்குச்சீட்டில் என் கை எந்தப் பெயரை எழுதியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.